குடியை வென்ற கூலியாள்

அயர்லாந்து நாட்டின் தலைநகரம் டப்ளின். அந்த நகரின் நடுவே லிப்பி என்னும் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் மீது 1978-ம் ஆண்டு ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். அதற்கு யார் பெயரைச் சூட்டுவது? அந்த நாட்டில் கவிஞர்களுக்குப் பஞ்சம் இல்லை. விடுதலைக்காக உயிர் கொடுத்த வீரர்களுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் அந்தப் பாலத்துக்குச் சூட்டப்பட்டது ஒரு கூலியாளின் பெயர்!

மாட் டால்பட் என்பது அவர் பெயர். அவர் படித்தவர் அல்ல. பணம் சேர்த்தவர் அல்ல. மேடை ஏறிப் பேசியவரும் அல்ல. மரக்கிடங்கில் பலகை சுமந்து பிழைத்தவர். பன்னிரண்டு வயது முதல் இருபத்தெட்டு வயது வரை குடியில் மூழ்கிக் கிடந்தார். அதன் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரு துளி மதுவையும் தொடாமல் வாழ்ந்தார். அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்தக் கதை.

குடும்பமே குடி

1856-ம் ஆண்டு மே 2-ந் தேதி டப்ளின் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் மாட் டால்பட் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் மத்தேயு. அதைச் சுருக்கி மாட் என்று அழைத்தார்கள். தந்தை சார்லஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தார். தாயார் எலிசபெத். பன்னிரண்டு குழந்தைகளில் மாட் இரண்டாவது பிள்ளை.

தந்தை பெரிய குடிகாரர். பிள்ளைகளில் மூத்தவர் ஒருவரைத் தவிர மற்ற ஆண்பிள்ளைகள் எல்லோருமே தந்தையின் வழியில் போனார்கள். வாடகை கொடுக்க முடியாமல் குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. தாயார் வீட்டு வேலை செய்து சம்பாதித்த காசில்தான் அடுப்பு எரிந்தது.

அந்தக் காலத்து அயர்லாந்தில் இது அதிசயம் அல்ல. ஏழைகள் ஒரே அறையில் பத்துப்பேர் நெருங்கிக் கிடந்தார்கள். விளக்கும் வெப்பமும் நண்பர்களும் கிடைக்கும் ஒரே இடம் மதுக்கடைதான். தியோபால்டு மாத்யூ என்ற குருவானவர் 1838-ம் ஆண்டில் மதுவிலக்கு இயக்கம் ஒன்றைத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கான மக்களைக் குடிக்கமாட்டோம் என்று சபதம் செய்ய வைத்தார். ஆனால் பெரும் பஞ்சம் வந்து நாட்டையே சிதற அடித்தது. சபதம் செய்தவர்களில் பலர் மறுபடி கோப்பையைத் தேடிப் போனார்கள். அந்தப் பெரியவர் காலமான ஆண்டும் 1856-தான். அவர் கண்மூடிய அதே ஆண்டில், அவருடைய வேலையைத் தன் வாழ்க்கையாலேயே செய்து காட்டப்போகிற பிள்ளை தொட்டிலில் கிடந்தது!

பன்னிரண்டு வயதில்

மாட் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருக்கவில்லை. வகுப்புக்கு மட்டம் போடுகிற பையன் என்று பெயர் வாங்கினான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததோடு படிப்பு முடிந்தது. பன்னிரண்டாவது வயதில் வேலைக்குப் போனான்.

வேலை கிடைத்த இடமோ மது வியாபாரிகளின் கம்பெனி. பீரைப் புட்டியில் அடைத்து விற்கும் நிறுவனம் அது. புட்டிகளின் அடியில் மிஞ்சியிருப்பதைச் சிறுவன் ருசி பார்த்தான். அந்த ருசி அவனைப் பற்றிக்கொண்டது. சில மாதங்களுக்குள் தள்ளாடிக்கொண்டே வீடு திரும்பினான்.

தந்தைக்குக் கோபம் வந்தது. பையனை அடித்தார். அங்கே இருந்தால் கெட்டுப் போவான் என்று, தாம் வேலை பார்த்த துறைமுகக் கிடங்கிலேயே சேர்த்துவிட்டார். பீர்க் கடையிலிருந்து எடுத்து விஸ்கிக் கிடங்கில் விட்ட கதை ஆயிற்று! அங்கே பீப்பாய் பீப்பாயாக விஸ்கி இருந்தது. பையன் இன்னும் கெட்டான்.

பிறகு கட்டட வேலைக்குப் போனான். கொத்தனாருக்குச் செங்கல்லும் கலவையும் சுமந்து கொடுக்கும் சித்தாள் வேலை. வேலையில் அவனைக் குறை சொல்ல யாராலும் முடியாது. மேஸ்திரி அவனைத்தான் வரிசையில் முதல் ஆளாக நிறுத்துவார். அவன் நடக்கிற வேகத்துக்கு மற்றவர்களும் நடக்கவேண்டும். ஆனால் வியர்வை சிந்திச் சம்பாதித்த கூலி முழுவதும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான். சனிக்கிழமை சம்பளம் வாங்குவான். நேரே மதுக்கடைக்குப் போவான். தாயார் கைக்கு ஒரு ஷில்லிங் வந்தால் அதிகம். அந்த அம்மாள் கடிந்து பேசமாட்டார். செபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

பிடிலைத் திருடினான்

காசு தீர்ந்தாலும் தாகம் தீருமா? கடனுக்குக் குடித்தான். மதுக்கடை வாசலில் வண்டிக்காரர்களின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர்கள் கொடுக்கும் சில்லறையில் குடித்தான். காலில் கிடந்த பூட்ஸைக் கழற்றி அடகு வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்ததும் உண்டு.

ஒரு நாள் அதைவிடக் கேவலமான காரியம் நடந்தது. தெருத் தெருவாகப் பிடில் வாசித்துப் பிச்சை எடுக்கும் ஏழை ஒருவன் மாட்டோடும் அவன் கூட்டாளிகளோடும் சேர்ந்து குடித்தான். எல்லோரிடமும் காசு தீர்ந்தது. கூட்டாளிகளுடன் சேர்ந்து அந்த ஏழையின் பிடிலையே திருடி விற்றுக் குடித்துவிட்டான் மாட். பிடில்தான் அவனுக்குப் பிழைப்பு. அதைப் பறிகொடுத்த அந்த மனிதன் என்ன ஆனானோ! இந்த ஒரு செயல் மாட்டின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த முள் கடைசி வரை எடுபடவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை

1884-ம் ஆண்டு. மாட்டுக்கு வயது இருபத்தெட்டு. அந்த வாரம் முழுவதும் அவன் வேலைக்குப் போகவில்லை, குடித்துக்கொண்டே இருந்தான். சனிக்கிழமை மத்தியானம் கையில் காலணா இல்லை. வழக்கமான மதுக்கடைக்குப் பக்கத்தில் தெரு முனையில் தம்பியுடன் போய் நின்றான். சம்பளம் வாங்கிக்கொண்டு கூட்டாளிகள் அந்த வழியாகத்தான் வருவார்கள். தன் கையில் காசு இருந்தபோதெல்லாம் அவர்களுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுத்தவன் மாட். இன்றைக்கு ஒருவனாவது உள்ளே அழைக்கமாட்டானா என்று காத்திருந்தான்.

கூட்டாளிகள் வந்தார்கள், நலம் விசாரித்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். ஒருவன்கூட அழைக்கவில்லை!

மாட்டுக்குத் தொண்டை வறண்டதைவிட நெஞ்சு வறண்டதுதான் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் எதற்காக வாழ்ந்தோம், யாருக்காக உழைத்தோம் என்ற கேள்வி எழுந்தது. தம்பியை விட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மகன் நிதானத்தோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்துத் தாயார் திகைத்தார். சாப்பாடு முடிந்ததும், தான் போய்க் குடிக்கமாட்டேன் என்று சபதம் எடுக்கப் போவதாக மாட் சொன்னான். அந்தத் தாய் உடனே மகிழ்ந்துவிடவில்லை. போய் வா, ஆனால் காப்பாற்ற மனம் இல்லாவிட்டால் சபதம் எடுக்காதே என்று எச்சரித்தார். ஆண்டவன் பலம் கொடுக்கட்டும் என்று ஆசீர்வதித்தும் அனுப்பினார்.

மூன்று மாதச் சபதம்

டப்ளினில் கிளான்லிப் என்ற இடத்தில் குருமார்களைப் பயிற்றுவிக்கும் திருச்சிலுவைக் கல்லூரி அப்போது இருந்தது. மாட் அங்கே போனார். குருவானவர் ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். தன் பாவங்களை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்று சபதம் செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை. மூன்று மாதத்துக்கு மட்டுமே சபதம் எடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கார்டினர் தெருவிலுள்ள புனித சவேரியார் கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டு நற்கருணை வாங்கினார். திங்கட்கிழமை வேலைக்குப் போவதற்கு முன்பும் பூசைக்குப் போனார். அன்று முதல் அதுவே வழக்கம் ஆயிற்று.

சபதம் எடுத்ததும் ஆசை ஓடிவிடவில்லை. பதினாறு ஆண்டுகள் ஊட்டி வளர்த்த ஆசை அல்லவா? உடம்பு நடுங்கியது. மனம் மதுக்கடையையே சுற்றிச் சுற்றி வந்தது. இந்த மூன்று மாதம் தீரட்டும், மறுபடி குடிக்கத்தான் போகிறேன் என்று தாயாரிடமே சொல்லிவிட்டார். ஆனால் மூன்று மாதம் முடிந்ததும் குடிக்கவில்லை. மேலும் சில மாதங்களுக்குச் சபதத்தை நீட்டினார். அதுவும் முடிந்த பிறகுதான் ஆயுள் முழுவதற்கும் சபதம் செய்தார்.

பையில் காசு இல்லை

அந்த முதல் மாதங்களில் அவருக்கு மிகவும் ஆபத்தான நேரம் மாலை நேரம். வேலை விட்டதும் கால்கள் தாமாகவே பழைய இடத்துக்கு இழுக்கும். எனவே வேலை முடிந்ததும் ஊரின் வேறு பக்கமாக நடப்பார். கண்ணில் படுகிற கோவிலுக்குள் நுழைந்து, கதவு பூட்டுகிற வரையில் அங்கேயே முழங்காலில் இருப்பார்.

ஒரு நாள் மாலை ஆசை அவரை வென்றுவிடும் போலிருந்தது. பையில் கொஞ்சம் காசு இருந்தது. ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தே விட்டார். கடையில் கூட்டம். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. கடைக்காரர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாரே ஒழிய இவர் பக்கம் திரும்பவில்லை. சற்று நேரம் நின்று பார்த்தார். திடீரென்று வெளியே வந்தார். நேரே கோவிலுக்குப் போய்க் கதவு சாத்துகிற வரையில் எழுந்திருக்கவில்லை. கையில் காசு வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதில்லை என்று அன்று முடிவு செய்தார். நெடுங்காலம் அதைக் கடைப்பிடித்தார்.

தம் பலவீனம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பலசாலி என்று தம்மை நினைத்துக்கொண்டு சோதனையோடு மல்லுக்கு நிற்க அவர் போகவில்லை. சோதனை வரும் வழியையே அடைத்தார்.

கோவில் படிக்கட்டில்

வேறொரு சோதனையும் வந்தது. அது மதுவின் ஆசை அல்ல. நம்பிக்கை இழக்கும் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க எழுந்தபோது, நீ மறுபடியும் குடிகாரன் ஆகத்தான் போகிறாய், இதெல்லாம் வீண் என்ற எண்ணம் அவரை இருளாகச் சூழ்ந்துகொண்டது. கோவிலை விட்டு வெளியேறினார். இன்னொரு கோவிலுக்குப் போனார். அங்கும் அப்படியே. கடைசியில் சவேரியார் கோவில் வாசலுக்கு வந்து, படிக்கட்டில் குப்புற விழுந்து, கைகளை விரித்துக் கிடந்தார். பழைய நிலைக்குப் போகவிடாதே என்று ஆண்டவனிடம் மன்றாடினார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். அவர் வெட்கப்படவில்லை. சிறிது நேரத்தில் மனத்தில் இருந்த பாரம் இறங்கியது. எழுந்து உள்ளே போனார்.

பழைய கணக்கு

குடியை விட்டால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. கடன் வைத்த மதுக்கடைகளின் பெயர்களை நினைவுபடுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனார். பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் திரும்பிவிடுவார். எல்லாக் கடனும் அடையும் வரை அது நடந்தது.

பிடில்காரனை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பல ஆண்டுகள் தேடினார். ஏழைகள் தங்கும் விடுதிகளிலும் விசாரித்தார். ஆள் அகப்படவே இல்லை. அந்த மனிதன் இறந்திருக்க வேண்டும் என்று எண்ணி, பிடிலுக்குரிய பணத்தைக் கோவிலில் கொடுத்து, அவன் ஆத்துமத்துக்காகப் பூசை செய்வித்தார்.

குடியோடு கூடப் பிறந்த மற்றப் பழக்கங்களும் அவரிடம் இருந்தன. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வரும். அதை நிறுத்துவதற்காகச் சட்டைக் கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவை போலக் குத்திக்கொண்டார். வார்த்தை நாக்குக்கு வரும்போது கண் ஊசியில் படும். நாக்கு அடங்கும். புகையிலையை விட்டதும் அப்படித்தான். ஒரு நாள் கூட்டாளி ஒருவன் கொஞ்சம் புகையிலை கேட்டான். புதிதாக வாங்கிய புகையிலையையும் குழாயையும் சேர்த்து அவனிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு புகைக்கவே இல்லை. குடியை விட்டதற்கு அடுத்தபடியாகக் கஷ்டமாக இருந்தது இதுதான் என்று பின்னாளில் சொல்வாராம்.

மரக்கிடங்கில்

அதன் பின் மார்ட்டின் கம்பெனியின் மரக்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். உடலில் வலு உள்ளவரை அதுவே அவருடைய பிழைப்பு. கப்பலிலிருந்து இறங்கும் பலகைகளைச் சுமந்து அடுக்குவார். இடைவேளை கிடைத்தால் மரக்கட்டைகளுக்கு மறைவில் போய் முழங்காலில் நிற்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார். தாம் பக்திமான் என்று பிறர் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

முசுடு என்று எண்ணிவிட வேண்டாம். கூட வேலை செய்கிறவர்களோடு சிரித்துப் பேசுவார். கஷ்டப்படுகிறவனுக்குக் கடன் கொடுப்பார், திருப்பிக் கேட்கமாட்டார். 1913-ம் ஆண்டு ஜிம் லார்கின் தலைமையில் திரண்ட தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு வராதபடி கதவடைப்புச் செய்தார்கள். டப்ளின் முழுவதும் பட்டினி. மாட்டும் சங்கத்தில் அங்கத்தினர். சங்கம் கொடுத்த உதவித் தொகையைத் தாம் வைத்துக்கொள்ளாமல் பிள்ளை குட்டிக்காரர்களுக்குப் பங்கிடச் சொன்னார். அவர் போராட்டத்தில் முன்னால் நிற்கவில்லை என்று பின்னாளில் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அவரோடு வேலை செய்த ஏழைகள் அவருடைய கை நீண்டதை மறக்கவில்லை.

பலகைப் படுக்கை

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு வேலை செய்துவந்த ஒரு பெண் அவரை மணந்துகொள்ள விரும்பித் தானே கேட்டாள். ஒன்பது நாள் செபம் செய்துவிட்டுப் பதில் சொல்வதாகச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து, தனியே வாழ்வதுதான் தமக்கு ஆண்டவன் விதித்த வழி என்று பணிவாகத் தெரிவித்தார். தந்தை 1899-ல் இறந்தபின் தாயாரைத் தம்மோடு வைத்துக் காப்பாற்றினார். 1915-ல் தாயார் கண்மூடிய பிறகு ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தார்.

அந்த அறையில் ஒரு கட்டில்; மேலே வெறும் பலகை; தலைக்கு ஒரு மரக்கட்டை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து செபம் செய்வார். விடியற்காலை முதல் பூசை. பிறகு வேலை. ஆகாரமோ பெரும்பாலும் காய்ந்த ரொட்டியும் பால் சேராத கொக்கோவும்தான். சம்பளத்தில் தமக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்கும், சீனாவில் வேதம் போதிக்கப் போன குருமார்களுக்கும் அனுப்பிவிடுவார்.

எழுத்துக் கூட்டிப் படித்தவர் இப்போது பெரிய பெரிய நூல்களைப் படித்தார். காம ஆசையோடு போராடி வென்ற புனித அகுஸ்தினாரின் வரலாறு அவருக்கு மிகவும் பிடித்தமானது. புரியாத இடம் வந்தால் ஆண்டவனிடம் விளக்கம் கேட்டுவிட்டு மறுபடி படிப்பார். பிடித்த வரிகளைத் துண்டுக் காகிதங்களில் தப்பும் தவறுமான எழுத்தில் குறித்து வைப்பார்.

இத்தனை ஆண்டு ஆன பிறகும் குடிகாரர்களை அவர் இகழ்ந்து பேசியதில்லை. குடியை விடமுடியாமல் தவிப்பவனைக் கேவலமாக நினைக்கக்கூடாது, அதை விடுவது எவ்வளவு கடினம் என்பது விட்டவனுக்குத்தான் தெரியும் என்று சகோதரியிடம் சொல்வாராம். ஆனால் ஆண்டவன் துணையோடு அது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

கடைசி நாள்

1923-ல் இருதய நோய் கண்டது. ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தார். வேலை இல்லை, வருமானமும் இல்லை. அந்த நிலையிலும் 1924-ல் சீனத்து வேத போதகர்களுக்கு ஒரு பவுன் அனுப்பினார். உடல் சற்றுத் தேறி மறுபடி மரக்கிடங்குக்குப் போனார்.

1925-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. திரித்துவத் திருநாள். பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவர் கிரான்பி சந்து என்ற குறுகலான தெருவில் சுருண்டு விழுந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது அறுபத்தொன்பது. அவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உடைகளைக் களைந்தபோது பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். இடுப்பிலும் கையிலும் காலிலும் சங்கிலிகள்! தேவமாதாவுக்கு அடிமை என்பதற்கு அடையாளமாகவும், தம் உடம்பை அடக்கும் தவமாகவும் அவற்றை ரகசியமாக அணிந்திருந்தார். உயிரோடு இருந்த வரையில் அது பிறர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார்.

கிளாஸ்னெவின் மயானத்தில் ஏழைகள் சிலர் சேர்ந்து அவரை அடக்கம் செய்தார்கள். அத்தோடு முடிந்துவிட வேண்டிய கதை முடியவில்லை. மறு ஆண்டே சர் ஜோசப் கிளின் என்பவர் அவரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது கடல் கடந்து பரவியது. 1975-ம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், மாட் டால்பட்டை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவருடைய உடல் 1972 முதல் டப்ளினிலுள்ள லூர்து மாதா கோவிலில் இருக்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோரும், அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் அங்கே வந்து முழங்காலில் நிற்கிறார்கள்.

எப்படி வென்றார்?

அவருடைய சங்கிலியையும் பலகைப் படுக்கையையும் எல்லோரும் பின்பற்ற வேண்டியதில்லை. அது அவர் மட்டும் நடந்த தனி வழி. ஆனால் அவர் குடியை வென்ற விதத்தில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் இருக்கிறது.

அவர் ஆயுளுக்கும் சேர்த்து ஒரே நாளில் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததைக் காப்பாற்றினார். குடித்த நேரத்தை வெறுமையாக விடாமல் செபத்தால் நிரப்பினார். பையில் காசு வைப்பதை நிறுத்தினார். பழைய பாதையை மாற்றினார். பழைய கடனைத் தீர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் பலத்தால் இது ஆகாது என்று ஒப்புக்கொண்டார். தினமும் காலையில் கோவிலுக்குப் போய் அன்றைய ஒரு நாளுக்கு வேண்டிய பலத்தைக் கேட்டு வாங்கினார். நாளைக்குரியதை நாளைக்குக் கேட்டுக்கொண்டார். அப்படி ஒவ்வொரு நாளாகச் சேர்ந்துதான் நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின.

மகனுக்காகப் பதினாறு ஆண்டுகள் செபமாலை உருட்டிய தாயார் எலிசபெத்தையும் இங்கே நினைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை தெரு முனையிலிருந்து திரும்பி வந்த மகனுக்குத் திறந்திருந்த கதவு அவருடைய கதவுதான்.